மூச்சு விட்ட ஜாக்கி

சங்ககிரியில் லாரி வைத்திருக்கும் என் பெரியப்பா, போன மாதம் ஒரு 10 டன் பாட்டில் ஜாக்கியைச் சாக்குப்பையில் சுற்றிக் கொண்டுவந்து என் பட்டறை மேசையில் வைத்தார். கூட வந்த டிரைவர் அண்ணன்தான் விஷயத்தைச் சொன்னார்.

"ஏத்துனா ஏறுதுங்க தம்பி. ஆனா நிக்க மாட்டேங்குது. மூச்சு விட்டுட்டே எறங்குது."

ஓமலூர் தாண்டி நடுராத்திரியில் பின்பக்க டயர் பஞ்சர். ஜாக்கி வைத்து ஏற்றி, டயரைக் கழற்றி ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு வருவதற்குள் அச்சு மூன்று விரற்கடை இறங்கிவிட்டது. நல்லவேளையாக அச்சுக்கு அடியில் ஒரு வேலங்கட்டையைக் கொடுத்திருக்கிறார். லாரி அதன்மேல் வந்து உட்கார்ந்தது. கட்டை இல்லாமல் அவர் கையை உள்ளே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"புதுசே வாங்கிக்கலாம்தான். நீ ஒருக்கா பிரிச்சுப் பாத்துட்டுச் சொல்லு கண்ணு," என்றார் பெரியப்பா.

பழைய ஜாக்கி. அடிப்பாகம் கனமான வார்ப்பு. இன்று கடையில் கிடைப்பவற்றில் இந்தக் கனம் குறைவு. பிரிக்காமல் தூக்கிப் போட மனம் வரவில்லை.

பிரிப்பதற்கு முன் ஒரு சோதனை. ஜாக்கி இறங்குகிறது என்றால் எண்ணெய் எங்கோ கசிகிறது. எந்த வழியாக என்பதைப் பிரிக்காமலே பாதி கண்டுபிடித்துவிடலாம். உள்ளே இருப்பது இதுதான்: நடுவில் சிலிண்டர், அதற்குள் மேலே ஏறும் ராம் என்ற தண்டு, சிலிண்டரைச் சுற்றி எண்ணெய்த் தொட்டி, பக்கத்தில் சின்ன பம்பு. பம்பின் பிளஞ்சர், அதாவது அதன் சின்னத் தண்டு, மேலே போகும்போது தொட்டியிலிருந்து எண்ணெய் ஒரு பால் வால்வு (எண்ணெயை ஒரு பக்கம் மட்டும் விடும் குண்டு அடைப்பு) வழியாக உள்ளே வருகிறது. கீழே அழுத்தும்போது அந்த வழி மூடிக்கொள்ள, இன்னொரு பால் வால்வு திறந்து எண்ணெய் ராமுக்கு அடியில் போகிறது. இறக்குவதற்கு ஒரு திருகு. அதன் முனையிலும் ஒரு குண்டு. திருகைத் தளர்த்தினால் எண்ணெய் தொட்டிக்குத் திரும்பிவிடும்.

ஆக, சுமை ஏற்றிய நிலையில் எண்ணெய் தப்பிக்க மூன்று வழிதான் உண்டு. பம்புக்குப் போகும் பால் வால்வு கசிந்தால் அழுத்தம் பிளஞ்சரைத் தள்ளும், லீவர் தானாக மேலே எழும்பும். லீவர் அசையாமல் ராம் மட்டும் இறங்கினால் கசிவு இறக்கும் திருகில் இருக்கும், அல்லது ராமைச் சுற்றி எண்ணெயை அடைக்கும் ரப்பர் சீலில் இருக்கும். பட்டறையில் நின்ற டிராக்டர் டிரெய்லரின் அச்சுக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். லீவர் அசையவில்லை. மேல் நட்டைச் சுற்றி எண்ணெய் ஈரம் தெரிந்தது. சீல் போயிருக்கிறது. திருகின் மேலும் எனக்குச் சந்தேகம்தான், ஏனென்றால் அதன் தலை முழுக்க நசுங்கியிருந்தது. ஜாக்கி இறங்குகிறதே என்று ஒவ்வொரு முறையும் நீளமான ராடு போட்டு இன்னும் இறுக்கியிருக்கிறார்கள்.

சரி, எண்ணெயை வடிக்கலாம் என்று நிரப்பும் ஓட்டையின் ரப்பரைப் பிடுங்கிக் கவிழ்த்தேன். வந்தது மோர் நிறத்தில் கலங்கிய ஒன்று. வாசனையும் எண்ணெய் வாசனை இல்லை. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அலமாரியில் வைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் இரண்டு அடுக்காகப் பிரிந்திருந்தது. மேலே கருப்பாக மினரல் எண்ணெய், கீழே மங்கிய மஞ்சளில் வேறொன்று. யாரோ பிரேக் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இந்தத் தவறைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். பிரேக்கும் ஹைட்ராலிக், ஜாக்கியும் ஹைட்ராலிக், அதனால் இரண்டு எண்ணெயும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். பொதுவாக வண்டிகளில் ஊற்றும் பிரேக் ஆயில், எண்ணெயே அல்ல. அது கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் வகைத் திரவம். மினரல் எண்ணெயோடு சேராது, அதைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கும். காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். ஜாக்கியில் இருக்கும் நைட்ரைல் ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்துவிடும். உப்பிய சீல் முதலில் நன்றாகவே அடைக்கும், ஊற்றியவருக்கு ஜாக்கி சரியாகிவிட்டது போலத் தோன்றும். அப்புறம் அது உராய்ந்து கிழியும். உறிஞ்சிய ஈரம் உள்ளே துருவை உண்டாக்கும். அந்தத் துருத்துகள் வால்வுக் குண்டுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவில் போய் உட்காரும். இந்த ஜாக்கியில் நடந்தது வரிசையாக இதுவேதான். தலைகீழான தவறு இன்னும் ஆபத்து. பிரேக் தொட்டியில் ஹைட்ராலிக் ஆயிலை ஊற்றினால் அங்குள்ள ரப்பர் உப்பிப் பிரேக்கே போய்விடும். அங்கே போவது ஒரு சீலோடு நிற்காது.

மேல் நட்டைக் கழற்ற ஒன்றரை நாள் ஆனது. அடிப்பாகத்தை வைஸில் பிடித்து, மரையில் டீசலை விட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். காலையில் பைப் ரெஞ்சில் 4 அடி குழாயைச் செருகி ஏறி அழுத்தியும் அசையவில்லை. நட்டின் பக்கங்களில் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டி, மறுபடி டீசல் விட்டு, சாயங்காலம் பிடித்தபோது 'டக்'கென்று விட்டுக்கொடுத்தது. கேஸ் வைத்துச் சூடுபண்ணலாமே என்று பக்கத்துப் பட்டறைத் தம்பி கேட்டான். உள்ளே எண்ணெய் தங்கிய மூடிய பாத்திரத்தில் தீ வைக்க எனக்கு ஒப்பவில்லை.

இறக்கும் திருகைக் கழற்றும்போது குண்டு உருண்டு மேசைக்கு அடியில் போய்விட்டது. இரும்புத்தூளும் சுருளும் கிடக்கும் தரையில் கால் அங்குலக் குண்டைத் தேடி அரை மணி நேரம் போனது. அதற்கப்புறம் எல்லாவற்றையும் ஒரு எவர்சில்வர் தட்டுக்கு மேலேதான் கழற்றினேன். எது எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். அடிப்பாகத்தில் பெயின்ட் பூசி மூடியிருந்த இன்னொரு சின்னத் திருகை மட்டும் தொடவில்லை. அது அளவுக்கு மீறிய சுமை வந்தால் திறக்கும் பாதுகாப்பு வால்வு. எத்தனை அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்று தயாரித்தவர்கள் வைத்த அளவு அது. அதைத் திருகினால் 10 டன் ஜாக்கியில் 15 டன் ஏற்றலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்கவே கூடாது.

கழுவித் துடைத்தபின், நுணுக்கமாக அளக்கும் வெர்னியரை எடுத்து அளந்தேன். சிலிண்டரின் உள்விட்டம் 42 மி.மீ., பிளஞ்சர் 12 மி.மீ. பரப்பளவு முறையே 13.85 சதுர செ.மீ., 1.13 சதுர செ.மீ. விகிதம் 12.25. லீவரின் கைமுனை, சுழலும் ஊசியிலிருந்து 600 மி.மீ. தள்ளி இருக்கிறது, பிளஞ்சர் 30 மி.மீ. தள்ளி. அங்கே 20 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 245. உராய்வை விட்டுவிட்டுப் பார்த்தால் 10 டன்னைத் தூக்க 41 கிலோ அழுத்தம் போதும். ஒரு ஆள் உடம்பைச் சாய்த்தால் வந்துவிடும். அதற்கு ஈடாக, கை அரை மீட்டர் போனால் ராம் 2 மி.மீ.தான் ஏறுகிறது. அடைபட்ட திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும் என்று பள்ளிக்கூடத்தில் பாஸ்கல் விதியை மனப்பாடம் செய்தது, வெர்னியரும் கையுமாகக் கணக்குப் போடும்போதுதான் எனக்குள் முழுதாக இறங்கியது.

அதே கணக்கில் இன்னொரு எண்ணும் வருகிறது. 10 டன் ஏற்றும்போது உள்ளே இருக்கும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 722 கிலோ. லாரி டயரில் காற்று 8 கிலோ சுற்றளவில்தான் இருக்கும். அதைப் போல 90 மடங்கு அழுத்தத்தை ஒரு ரப்பர் வளையமும் ஒரு கால் அங்குலக் குண்டும் அடைத்து நிறுத்துகின்றன. எண்ணெய்க்கென்று தனியாக ஒரு பலமும் இல்லை. அதற்குப் போக இடம் இல்லாததுதான் அதன் பலம் எல்லாம்.

ஹைட்ராலிக் வரலாறே இந்தச் சீலில்தான் சிக்கி நின்றது. பாஸ்கல் 1662இல் இறந்த மறு ஆண்டே திரவங்களைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்துவிட்டது. அதில் சின்னப் பிஸ்டனை அழுத்திப் பெரிய பிஸ்டனைத் தூக்கும் யோசனை தெளிவாக இருக்கிறது. ஆனால் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கியது 1795இல். நடுவில் 130 ஆண்டுகளுக்கு மேல். பிராமாவின் பட்டறையிலும் முதலில் இதே தொல்லைதான். கசியாமல் இருக்கச் சீலை இறுக்கினால் ராம் திரும்பி இறங்காது, தளர்த்தினால் கசியும். அங்கே வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே, கிண்ணம் போல வளைத்த தோல் வளையத்தை வைத்து இதைத் தீர்த்தார் என்று சொல்வார்கள். கிண்ணத்தின் வாய் அழுத்தம் வரும் பக்கம் பார்க்க வேண்டும். அழுத்தம் ஏற ஏற அதுவே விளிம்பை விரித்துச் சுவரோடு ஒட்டவைக்கும். அழுத்தம் இறங்கினால் விளிம்பும் தளர்ந்துவிடும். கசியப் பார்க்கும் எண்ணெயைக் கொண்டே கசிவை அடைக்கும் இந்த வித்தையை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

நம் ஜாக்கியிலிருந்து எடுத்த சீலும் அதே வடிவம்தான், ரப்பரில். விளிம்பு நாயுருவி இலை மாதிரி சுருண்டு, ஒரு இடத்தில் பிளந்திருந்தது. பழையதையும் அளவுகளையும் எடுத்துக்கொண்டு சேலத்தில் ஒரு சீல் கடைக்குப் போனேன். கடைக்காரர் பழைய சீலை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"அது ஊறிப் போயிருக்குங்க. அதை அளந்து குடுத்தா தப்பாப் போயிரும். காடியோட அளவைச் சொல்லுங்க."

நியாயம்தான். ராமின் அடியில் சீல் உட்காரும் பள்ளம், அதாவது காடியின் விட்டம், அகலம், சிலிண்டர் உள்விட்டம் மூன்றையும் சொன்னேன். யூ சீல் ஒன்று, பிளஞ்சருக்கு ஓரிங் என்ற ரப்பர் வளையம் இரண்டு, ஓரிங்குக்குப் பின்னால் வைக்க வெள்ளை டெஃப்லான் வளையம் இரண்டு எடுத்துக் கொடுத்தார். அந்த வெள்ளை வளையத்தைப் பலர் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்களாம். அழுத்தம் 100 கிலோவைத் தாண்டினாலே ரப்பர் வளையம் மாவு போலப் பிதுங்கி, பின்னால் இருக்கும் மயிரிழை இடைவெளிக்குள் நுழையப் பார்க்கும். நுழைந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கடிபட்டுத் தேயும். டெஃப்லான் வளையம் அந்த இடைவெளியை மூடிக்கொள்கிறது. அதை அழுத்தம் வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வைக்க வேண்டும். பக்கம் மாறினால் வைத்தும் வைக்காதது போலத்தான்.

ராமின் மேல்பகுதியில் துரு அரித்த குழிகள் இருந்தன. முதலில் பதறினேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், அழுத்தத்தைத் தாங்கும் சீல் ராமின் அடியில் இருக்கிறது, அது உரசுவது சிலிண்டரின் உள்சுவரில். ராமின் வெளிப்பக்கம் உரசுவது மேல் நட்டில் தூசியைத் தடுக்கும் வளையத்தை மட்டும்தான். உள்சுவரில் டார்ச் அடித்துப் பார்த்தேன். எண்ணெயில் முழுகிக் கிடந்த இடம், கண்ணாடி போல இருந்தது. 1000 நம்பர் எமரியை எண்ணெயில் தோய்த்து ராமை மட்டும் தேய்த்து, குழிகளின் விளிம்பை மழித்துவிட்டேன்.

வேலையின் உயிர் இறக்கும் திருகின் இருக்கையில் இருந்தது. குண்டு உட்காரும் விளிம்பில் ஒரு கோடு, துருத்துகளை வைத்து அழுத்தியதால் விழுந்த வடு. லேத்தில் பிடித்துக் கடைய முடியாத இடம். இதற்குப் பழைய மெக்கானிக்குகள் செய்யும் வழி ஒன்று உண்டு. இருக்கையைச் சுத்தமாகத் துடைத்து, பழைய குண்டை அதில் வைத்து, அதன்மேல் பித்தளைக் கம்பியை நேராக நிறுத்திச் சுத்தியலால் அளவாக ஒரே ஒரு தட்டு. வார்ப்பு இரும்பு குண்டைவிட மிருது, அதனால் விளிம்பு குண்டின் உருவத்துக்கு அப்படியே பதிந்துவிடும். தட்டிய குண்டைத் தூக்கி எறிந்துவிட்டு அதே அளவில் புதுக் குண்டு போட வேண்டும். இரண்டாவது தட்டு தட்டினால் குண்டு எழும்பி வேறு கோணத்தில் விழும், பதிவு இரட்டையாகிவிடும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர், திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகளுக்கு ஹைட்ராலிக் வேலை பார்த்த ஒரு பெரியவர். அவர் சொன்ன இன்னொன்றையும் சேர்த்துவிடுகிறேன். ஓடும் வண்டியில் எண்ணெய்க் குழாயான ஹோஸ் கசிகிறதா என்று ஒருபோதும் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. ஊசி முனை ஓட்டையிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே எறும்பு கடித்த மாதிரிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அட்டையை நீட்டிப் பார்க்க வேண்டும். பட்டுவிட்டால் வலி இல்லை என்று வீட்டுக்குப் போகாமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சிலிண்டருக்கு அடியில் இருந்த செம்பு வாஷரைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டேன். எஃகு இப்படிச் செய்தால் கெட்டிப்படும். செம்பு மிருதுவாகிவிடும், மறுபடி நன்றாகப் பதியும். எல்லாவற்றையும் 32 நம்பர் ஹைட்ராலிக் ஆயிலில் தோய்த்து மாட்டி, மேல் நட்டை இறுக்கி, ராமை முழுக்கக் கீழே தள்ளிய நிலையில் ஓட்டை மட்டத்துக்கு எண்ணெய் ஊற்றினேன். ராம் மேலே இருக்கும்போது நிரப்பினால், இறங்கும்போது திரும்பி வரும் எண்ணெய்க்குத் தொட்டியில் இடம் இருக்காது. அப்புறம் இறக்கும் திருகைத் திறந்துவைத்து 15 முறை வேகமாக பம்பு அடித்து, ராமைக் கையால் இழுத்துத் தள்ளிக் காற்றை வெளியேற்றினேன். காற்று இருந்தால் லீவர் பஞ்சுபோல அமுங்கும், ராம் ஏறாது.

முதல் சோதனை தோற்றது. இந்த முறை லீவர் தானாக எழும்பியது! பிரிக்கும்போது ஒழுங்காக இருந்த வால்வு இப்போது கசிகிறது. திரும்பவும் வடித்து, திரும்பவும் பிரித்து, அந்தக் குண்டை எடுத்து லென்ஸில் பார்த்தால் ஒட்டியிருந்தது ஒரு நூல். பழைய பனியன் துணியால் துடைத்தேன் இல்லையா, அதன் பஞ்சு இழை. ஒரு நாள் வேலை அதில் போனது. இப்போது உள்பாகங்களைத் துணியால் தொடுவதே இல்லை. மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்து, அப்படியே எண்ணெயில் போடுகிறேன்.

இரண்டாவது சோதனைக்குப் பெரியப்பாவின் லாரியையே வரச்சொன்னேன். பின் அச்சில் ஒரு பக்கம், காலி வண்டி, உத்தேசமாக இரண்டரை டன். ராமை ஏற்றி நிறுத்தி, அச்சுக்குக் கீழே இரண்டு பக்கமும் வேலங்கட்டையை ஒரு விரல் இடைவெளி விட்டு அடுக்கினேன். டிரைவர் அண்ணன் சொல்லாமலே மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

அந்தக் கட்டையைப் பற்றி எனக்கு ஒரு பெரிய மரியாதை உண்டு. வேல்ஸில் மெனாய் நீரிணைமேல் பிரிட்டானியா ரயில் பாலம் கட்டியபோது, ஆயிரம் டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்புக் குழாய்ப் பாலத்தை ஹைட்ராலிக் பிரஸ்ஸால் தூக்கினார்கள். தூக்கத் தூக்க அடியில் முட்டுக்கொடுத்துக்கொண்டே வரவேண்டும் என்று அதன் பொறியாளர் ராபர்ட் ஸ்டீபன்சன் பிடிவாதமாக இருந்தார். 1849 ஆகஸ்ட்டில் பிரஸ்ஸின் சிலிண்டர் அடிப்பாகம் வெடித்தது. பாலம் சில அங்குலம் மட்டும் விழுந்து முட்டின்மேல் நின்றது, கடலுக்குள் போகவில்லை. நம் ஊரில் திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் (BHEL) நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்திருக்கிறது. அப்படியும் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடும் ஆட்கள் இன்றும் தேரோடு கூடவே நடக்கிறார்கள். எண்ணெய் தூக்கிக் கொடுக்கும், கட்டைதான் தாங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கும் ஒவ்வொரு டிரைவரையும் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. ஒரு கட்டை வைக்க ஒரு நிமிஷம் ஆகாது.

மாலை 6.30க்கு மேல் நட்டிலிருந்து ராம் தலை வரை வெர்னியரில் அளந்தேன். 98.6 மி.மீ. ஒரு மணி நேரம் கழித்தும் அதே அளவுதான் காட்டியது. லீவர் அசையவில்லை. அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.

காலை 6 மணிக்கு 97.9. கிட்டத்தட்ட முக்கால் மி.மீ. போயிருக்கிறது. மனசு விட்டுப்போயிற்று. திரும்பவும் இருக்கையைத் தட்ட வேண்டுமா, சீலை மாற்ற வேண்டுமா என்று நினைத்துக்கொண்டே ஜாக்கியின் உடம்பில் கை வைத்தேன். சில்லென்று இருந்தது. சாயங்காலம் அளக்கும்போது வெயில் காய்ந்த சூடு அதில் இருந்தது நினைவுக்கு வந்தது. ஹைட்ராலிக் எண்ணெய், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஏழு பங்கு சுருங்கும். ராமுக்குக் கீழே நிற்கும் எண்ணெய்த் தூண் 100 மி.மீ. உயரம் என்று வைத்தால், 10 டிகிரி குளிர்ந்தால் 0.7 மி.மீ. இறங்க வேண்டும். இறங்கியதும் 0.7தான்.

கணக்கு சரியா என்று பார்க்க ஒரே வழிதான் இருந்தது. பெரியப்பாவுக்குப் போன் போட்டு, லாரி இன்னும் அரை நாள் இங்கேயே நிற்கட்டும் என்றேன். "கசிஞ்ச எண்ணெய் திரும்ப வருமா கண்ணு, பாத்துருவோம்," என்று அவரும் மதியம் கிளம்பி வந்துவிட்டார். யாரும் லீவரைத் தொடவில்லை. வெயில் ஏறி, பட்டறைக் கூரைத் தகரம் படபடக்க ஆரம்பித்த 1 மணிக்கு, அவர் கண்முன்னால் வெர்னியரை வைத்தேன்.

98.5.